ஆபீஸ் மென்பொருளை மாற்றலாமா, பழையதே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேர்டு, எக்ஸெல் போன்றவற்றின் புதிய பதிப்பு வந்ததும் "மாத்திடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். "இருக்கிறது நல்லா ஓடுது, விடுங்க" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், புதிய வசதிகளின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, உங்களிடம் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, அவை யார் யாரிடம் போய் வருகின்றன என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் விண்டோஸில் மைக்ரோசாப்ட் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கானவை. அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பற்றியும் ஒரு கேள்வி உண்டு.

என் ஆபீஸ் பல வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. எதற்காக மாற்ற வேண்டும்?

மாற்றியே ஆக வேண்டும் என்று இல்லை. கடிதம் அடிக்க, கணக்குப் போட, பிரிண்ட் எடுக்க 2010 பதிப்பில் இருந்த வசதிகளே பெரும்பாலோருக்குத் தாராளம். நாள் குறித்துக்கொண்டு வருகிற காரணம் ஒன்றுதான்: பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவது. மற்ற காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறும். பிறர் அனுப்பும் ஃபைல் சரியாகத் திறக்கவில்லை, எக்ஸெல் ஃபைல் பெருத்துப்போய்த் திணறுகிறது, கணினியையே மாற்ற வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கே ஒரு தேவை வந்தால் மாற்றுங்கள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்பது மட்டுமே போதுமான காரணம் ஆகாது.

சப்போர்ட் முடிந்தால் மென்பொருள் நின்றுவிடுமா?

ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது நிற்காது. முந்தைய நாள் போலவே திறக்கும், சேமிக்கும், அச்சிடும். அதற்கு மேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் 2010-க்கு ஆதரவு முடிந்தது 2020 அக்டோபர் 13. ஆபீஸ் 2013-க்கு 2023 ஏப்ரல் 11. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஒரே நாள், 2025 அக்டோபர் 14. ஆபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13, ஆபீஸ் 2024-க்கு 2029 அக்டோபர் 9.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016 வரை வந்த பதிப்புகளுக்குப் பத்து ஆண்டு ஆதரவு இருந்தது. 2019 பதிப்புக்கு அது ஏழாகக் குறைந்தது, 2021 முதல் ஐந்துதான். அதனால் "முந்தைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது" என்று யாராவது சொன்னால், விலையைப் பார்ப்பதற்கு முன் இன்னும் எத்தனை மாதம் மீதி இருக்கிறது என்று பாருங்கள்.

நான் வேண்டாத தளங்களுக்கே போவதில்லை. அப்படியும் ஆபத்தா?

ஆபத்து தளங்களில் மட்டும் இல்லை, ஃபைலிலேயே வரும். ஈக்வேஷன் எடிட்டர் 3.0 கதை இதற்கு நல்ல சான்று. வேர்டில் சமன்பாடு எழுத உதவிய சிறிய நிரல் அது. 2000-இல் உருவான அதே நிரல், பதிப்புகள் மாறினாலும் கூடவே வந்துகொண்டிருந்தது. 2017 நவம்பரில் அதில் ஓர் ஓட்டை இருப்பது வெளியானது. அதற்கென்று தயாரித்த ஓர் ஆவணத்தைத் திறந்தாலே போதும், மேக்ரோ (ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் சிறு நிரல்) எதையும் நீங்கள் அனுமதிக்காமலேயே வெளியாளின் நிரல் உங்கள் கணினியில் ஓடிவிடும். 2018 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அந்த எடிட்டரையே ஆபீஸிலிருந்து எடுத்துவிட்டது. அப்டேட் போட்ட கணினிகளில் அது போயிற்று. அப்டேட் போடாத கணினிகளில் இன்றும் அப்படியே இருக்கும்.

வெளியிலிருந்து ஃபைலே வராத கணினி, அதாவது மெயில் இல்லை, யுஎஸ்பி இல்லை, தட்டச்சும் பிரிண்டும் மட்டும் என்றால் பழைய பதிப்பிலேயே நிம்மதியாக இருக்கலாம். தினமும் முகம் தெரியாதவர்களிடமிருந்து விண்ணப்பமோ பில்லோ இணைப்பாக வருகிறது என்றால், ஆதரவு முடிந்த பதிப்பில் அவற்றைத் திறக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேர்டைத் திறந்து ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் என்பதைத் தட்டினால் பெயர் தெரியும். உள் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2016, 2019, 2021, 2024 எல்லாவற்றுக்கும் அது 16-தான்.

பழைய ஃபைல்கள் எல்லாம் புதியதில் திறக்குமா?

பெரும்பாலும் திறக்கும். ஆபீஸ் 2007-இல்தான் டாக், எக்ஸ்எல்எஸ் என்ற பழைய வடிவங்களுக்குப் பதிலாக டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வந்தன. பழைய வடிவத்தில் உள்ள ஃபைலைத் திறந்தால் மேலே தலைப்புப் பட்டையில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த நிலையிலேயே படிக்கலாம், திருத்தலாம்.

திறக்கும் என்பதால் அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. பழைய ஈக்வேஷன் எடிட்டரில் எழுதிய சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரியும், அந்த எடிட்டர் இல்லாததால் திருத்த வராது. கணக்கு, இயற்பியல் வினாத்தாள் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும். ஆக்சஸ் 97-இல் உருவாக்கிய தரவுத்தளத்தை ஆக்சஸ் 2013-உம் அதற்குப் பிந்தையவையும் திறக்கவே மாட்டா. இடையில் 2010 போன்ற ஒரு பதிப்பில் திறந்து மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அதனால் பழைய பதிப்பை அழிப்பதற்கு முன்னாலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பப்ளிஷரில் அழைப்பிதழ், துண்டறிக்கை செய்பவர்களுக்கு இன்னும் அவசரம். அந்த மென்பொருளுக்கு 2026 அக்டோபரோடு ஆதரவு முடிகிறது, மைக்ரோசாப்ட் 365 சந்தாவிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. பப்ளிஷர் ஃபைல் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக ஒரு பிரதி எடுத்துவையுங்கள். லிப்ரே ஆபீஸில் உள்ள டிரா என்ற வரைகலை நிரல் பப்ளிஷர் ஃபைல்களைத் திறக்கும். அமைப்பு கொஞ்சம் கலைந்துதான் வரும், எழுத்தும் படமும் மீளும்.

எக்ஸெல் ஃபைலைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்திலேயே சேமித்துக்கொண்டு வரலாமா?

சிறிய ஃபைல் என்றால் பாதகமில்லை. ஆனால் எக்ஸ்எல்எஸ் ஷீட் ஒன்றில் 65,536 வரிசைகளும் 256 நெடுவரிசைகளும்தான் அடங்கும். எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். புதிய எக்ஸெல் வைத்திருந்தாலும் ஃபைல் பழைய வடிவத்தில் இருந்தால் பழைய எல்லைதான்.

இது எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதை 2020-இல் இங்கிலாந்து பார்த்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் கொரோனா தொற்று முடிவுகள் அரசின் தினசரிக் கணக்கில் விடுபட்டுப்போயின. பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த தரவைத் தொகுக்க எக்ஸ்எல்எஸ் வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒருவருடைய முடிவுக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் ஷீட் சீக்கிரம் நிரம்பியது, மிச்சம் உள்ளே வரவில்லை. நோயாளிகளோடு பழகியவர்களுக்குத் தகவல் சொல்வதும் அதனால் தாமதமானது. மென்பொருளை மாற்றுகிறவர்கள் ஃபைல் வடிவத்தையும் மாற்ற வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

என்னுடைய எக்ஸெல் 2016. ஒருவர் அனுப்பிய ஃபைலில் சூத்திரத்துக்கு முன்னால் புரியாத எழுத்துகள் வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அவர் எக்ஸ்லுக்கப், ஃபில்டர், யுனீக் போன்ற புதிய சூத்திரம் எதையோ போட்டிருக்கிறார். இவை எக்ஸெல் 2021-இலும் மைக்ரோசாப்ட் 365-இலும் உண்டு, 2016-இலும் 2019-இலும் கிடையாது. தெரியாத சூத்திரத்துக்கு முன்னால் பழைய எக்ஸெல் ஓர் அடையாளத்தை ஒட்டிக் காட்டுகிறது.

இதில் கண்ணில் படாத ஆபத்து ஒன்று உண்டு. ஃபைலைத் திறந்தவுடன் கட்டத்தில் சரியான தொகைதான் தெரியும், ஏனென்றால் அவர் கணினியில் கடைசியாகக் கணக்கிட்ட விடை ஃபைலிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் ஓர் எண்ணை மாற்றி, அந்தச் சூத்திரம் மறுபடி கணக்கிடப்படும்போதுதான் பிழை எட்டிப்பார்க்கும். அதுவரை எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எப்போதாவது ஒரு ஃபைல் இப்படி வந்தால் பழைய விலுக்கப்பில் எழுதி அனுப்பச் சொல்லலாம். வாரம் தவறாமல் வந்தால் அது உங்களுக்கு மாறும் நேரம்.

எங்கள் வேலை முழுக்க மேக்ரோவில் ஓடுகிறது. மாற்றினால் என்ன ஆகும்?

மற்றவர்களைவிட நீங்கள்தான் நிதானமாகப் போக வேண்டும். மேக்ரோ பெரும்பாலும் அப்படியே ஓடும். தடுக்குகிற இடங்கள் மூன்று.

முதலாவது, ஆபீஸின் 32-பிட், 64-பிட் என்ற இரு வகைகளுக்கு இடையிலான வித்தியாசம். ஆபீஸ் 2019 முதல் 64-பிட்தான் இயல்பாக இன்ஸ்டால் ஆகிறது. மேக்ரோவுக்குள் விண்டோஸின் வசதிகளை நேரடியாகக் கூப்பிடும் டிக்ளேர் வரிகள் இருந்தால், அவற்றில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்காமல் 64-பிட் ஏற்காது. சில இடங்களில் மாறிகளின் வகையையும் மாற்ற வேண்டியிருக்கும். தெரிந்தவர் உட்கார்ந்தால் முடிகிற வேலைதான். இன்னும் படுத்துவது படிவங்களில் தேதி தேர்ந்தெடுக்க வைத்திருக்கும் பழைய காலண்டர் கட்டுப்பாடு. அது 32-பிட்டுக்கு மட்டுமே வந்தது, 64-பிட்டில் அந்தப் படிவமே திறக்காது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், திருத்த ஆள் இல்லை என்றால், இன்ஸ்டால் செய்யும்போதே 32-பிட்டைத் தேர்ந்தெடுங்கள். அது இன்றும் கிடைக்கிறது.

இரண்டாவது, இணையத்திலிருந்தோ மெயிலிலிருந்தோ வந்த ஃபைல்களின் மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. சிவப்புப் பட்டை ஒன்று வரும், அதில் அனுமதிக்கும் பொத்தான் இருக்காது. அனுப்பியவர் யார், ஏன் அனுப்பினார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கட்டத்தை டிக் செய்யலாம். சந்தேகம் இருந்தால் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது ஆக்டிவ்எக்ஸ், அதாவது ஃபைலுக்குள் பொத்தான், பட்டியல் போன்றவற்றை வைக்க உதவும் பழைய நுட்பம். ஆபீஸ் 2024-இல் இது இயல்பாக அணைத்தே வருகிறது. ஷீட்டில் வைத்திருந்த பொத்தான் அழுத்தினால் அசையவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த ஆவணங்கள் நிறைய இருக்கின்றன. அவை என்ன ஆகும்?

புதிய ஆபீஸ் அவற்றை யூனிகோடாக, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் போன்களுக்கும் பொதுவான எழுத்து முறையாக, மாற்றித் தராது. கெடுக்கவும் செய்யாது. ஆனால் ஃபான்ட் ஃபைல் ஆபீஸோடு வருவதில்லை, பழைய கணினியின் விண்டோஸில் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவந்து புதியதில் போட்டால்தான் தமிழ் தெரியும். ஏனென்றால் பாமினியில் "தமிழ்" என்று நீங்கள் காண்பது, ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஃபான்ட் இல்லாவிட்டால் அதுதான் திரையில் வரும்.

இன்னொரு குழப்பம் புதுக் கணினிக்குப் போனவுடன் தலைகாட்டும். வாக்கியத்தின் முதல் எழுத்தை வேர்டு தானாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சிறிய ஜே "த", பெரிய ஜே "து". ஆக வாக்கியத்தை "தமிழ்" என்று தொடங்கினால் "துமிழ்" என்று வந்து நிற்கும். பழைய கணினியில் யாரோ என்றைக்கோ இதை அணைத்துவைத்திருப்பார்கள், புதியதில் மறுபடி உயிர் பெற்றிருக்கும். ஆட்டோகரெக்ட் அமைப்புக்குள் போய் அணைத்தால் சரியாகிவிடும்.

யூனிகோடில் அடித்தவர்களுக்கும் ஒரு குறிப்பு. லதா ஃபான்ட் விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை. கூடுதல் வசதிகள் பட்டியலில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்று தனியாக இருக்கும். அதைச் சேர்க்காவிட்டால் லதாவில் அமைத்த ஆவணம் வேறு ஃபான்ட்டில் திறந்து, வரிகள் நகர்ந்து, பக்க எண்ணிக்கையே மாறிவிடும். புத்தகப் பக்கமோ மலரோ வடிவமைத்து வைத்திருப்பவர்கள் இதற்காகவே ஒரு பிடிஎஃப் பிரதி எடுத்துவைப்பது நல்லது.

பாமினி ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றத் தனியாக எழுத்து மாற்றிகள் உண்டு. ஆபீஸை மாற்றுகிற சமயத்தில் இந்த வேலையையும் கையோடு தொடங்கிவிடுங்கள் என்பேன். யூனிகோடில் இருந்தால்தான் தேடலாம், மெயிலில் ஒட்டலாம், போனில் படிக்கலாம். நம் மொழியில் எழுதிய ஒன்று ஒரு ஃபான்ட் ஃபைல் தொலைந்ததால் படிக்க முடியாமல் போகக் கூடாது.

சந்தா கட்டுவதா, ஒரே தடவையில் வாங்குவதா?

ஒரே தடவையில் வாங்கினால் அந்தப் பதிப்பு உங்களுடையது. திருத்தங்கள் வரும், புதிய வசதிகள் வராது. அடுத்த பதிப்பு வேண்டுமென்றால் முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கணினியோடு சேர்ந்து வந்த லைசென்ஸாக இருந்தால் அந்தக் கணினியோடே முடிந்துவிடும், வேறொன்றுக்கு மாற்ற முடியாது.

மைக்ரோசாப்ட் 365 சந்தாவில் எப்போதும் புதியதே இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கணினியிலும் போனிலும் பயன்படுத்தலாம், தனிநபர் சந்தாவில் ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பில் ஒரு டெராபைட் இடமும் உண்டு. கட்டுவதை நிறுத்தினால் ஃபைல்கள் அழியாது. திறந்து பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்தத்தான் முடியாது. பல கணினி, பலரோடு பகிர்வு என்றால் சந்தா லாபம். ஒரே கணினி, ஒரே மாதிரி வேலை என்றால் ஒரு முறை வாங்குவதே கணக்குக்குச் சரி. ஐந்து ஆண்டுச் சந்தாவைக் கூட்டி, ஒரு முறை வாங்கும் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

லிப்ரே ஆபீஸுக்கே போய்விட்டால் என்ன?

நல்ல யோசனைதான், நான் பலருக்கும் இதைச் சொல்கிறேன். 2010-இல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது, தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்துகிறது, காசு கிடையாது. ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வரும். அதன் சொந்த ஃபைல் வடிவமான ஓடிஎஃப் 2006 முதல் ஐஎஸ்ஓ ஏற்ற சர்வதேசத் தரம். நீங்களே எழுதி, நீங்களே பிரிண்ட் எடுத்து, பிடிஎஃப்பாக அனுப்புகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அதே வேர்டு ஃபைல் உங்களுக்கும் வெளியாருக்கும் இடையே திருத்தத்திருத்தப் போய்வருகிறது என்றால் அட்டவணைகளும் எண்ணிட்ட பத்திகளும் இடம் நகரும். எக்ஸெல் மேக்ரோக்கள் ஓரளவுக்குத்தான் ஓடும். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்பதால், முதலில் போட்டுப் பாருங்கள்.

கணினியும் பழசு. புதிய ஆபீஸ் ஏறுமா?

ஆபீஸ் 2019 முதல் விண்டோஸ் 7-இலும் 8-இலும் ஏறாது. விண்டோஸ் 10-இல் ஏறும், ஆனால் அதற்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸையும் சேர்த்து மாற்ற வேண்டிய நிலை என்றால் இரண்டையும் ஒன்றாகவே திட்டமிடுங்கள்.

அவுட்லுக்கும் மாறிவிடுமா?

புதிய அவுட்லுக், பழைய அவுட்லுக் இரண்டும் பெயரில்தான் ஒன்று. காம் வகை ஆட்-இன்கள், அதாவது பிற மென்பொருட்கள் அவுட்லுக்குக்குள் சேர்க்கும் பழைய வகை இணைப்பு நிரல்கள், புதியதில் ஓடாது. கணக்கு மென்பொருளோ வாடிக்கையாளர் பட்டியலோ அவுட்லுக்கோடு இணைந்து வேலை செய்கிறது என்றால் பழையதிலேயே இருங்கள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாற்றலாமா?

வேண்டாம். முதலில் ஒருவருக்கு மாற்றுங்கள், அவரும் மிகச் சிக்கலான ஃபைல்களை வைத்திருப்பவராக இருக்கட்டும். எளிமையான வேலை செய்பவரின் கணினியில் சோதித்தால் எதுவும் தெரியவராது. மாத முடிவு, தணிக்கை, தேர்வு நேரம் போன்ற நெருக்கடிகளைத் தவிர்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேர் புதியதிலும் பாதிப் பேர் பழையதிலும் இருக்கும் நாட்களில், பொதுவான ஃபைலில் புதிய சூத்திரம் எதையும் போடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். குழப்பம் அதிகம் வருவது இந்த இடைக்காலத்தில்தான்.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

உங்களுக்கு அதிகம் தொல்லை தரும் ஃபைல்களைப் பிரதி எடுங்கள்: பெரிய எக்ஸெல், நீளமான வேர்டு ஆவணம், மேக்ரோ உள்ளது, பழைய ஃபான்ட்டில் உள்ளது. மைக்ரோசாப்ட் 365-ஐச் சோதனைக் காலத்தில் வேறொரு கணினியில் போட்டு அவற்றைத் திறங்கள். வேர்டில் கடைசிப் பக்கத்தின் எண் பழையபடி இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸெலில் ஓர் எண்ணை மாற்றி, மொத்தம் மாறுகிறதா என்று பாருங்கள். வெறுமனே திறந்து பார்த்தால் போதாது என்பது மேலே சொன்ன சூத்திரக் கதையிலிருந்து புரிந்திருக்கும். அப்புறம் பிரிண்ட் எடுங்கள், லேபிள், உறை, காசோலை உட்பட. பிரிண்டரின் டிரைவர் பழசாக இருந்தால் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேர்டு, எக்ஸெலை வைத்து மட்டும் சோதிக்காதீர்கள். அதில் மேக்ரோ ஓடாது.

மாற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாமா?

திரும்பலாம், முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால். பழைய ஆபீஸின் இன்ஸ்டால் ஃபைல், அதன் லைசென்ஸ் எண், எந்த மெயில் கணக்கில் பதிவானது என்ற விவரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஆவணங்களைத் தவிர வேறு சிலவற்றுக்கும் பேக்கப் வேண்டும்: வேர்டில் உங்கள் இயல்பான அமைப்புகள் இருக்கும் நார்மல் டெம்ப்ளேட், எக்ஸெலில் சொந்த மேக்ரோ வைக்கும் பர்சனல் ஃபைல், நீங்கள் சேர்த்த சொற்கள் உள்ள அகராதி, அவுட்லுக் மெயில்களைச் சேமித்துவைக்கும் பிஎஸ்டி ஃபைல். இவை மை டாக்குமென்ட்ஸ் போல வெளிப்படையான இடத்தில் இருப்பதில்லை, அதனால் விட்டுப்போகும்.

பழைய கணினி தனியாக இருந்தால் அதை உடனே அழித்துவிடாதீர்கள். இணைய இணைப்பை எடுத்துவிட்டு ஒரு மூலையில் வைத்திருங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வெளியே வரும் ஏதோ ஒரு படிவத்தைத் திறக்கும்போது தேவைப்படும். அப்படி ஒரு முழு ஆண்டு சுற்றி வந்த பிறகு அதைக் கொடுத்துவிடலாம், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவைத்துக்கொண்டு.